ஐந்தரைக்குள் திரும்ப வேண்டும்

பதினோராம் தட்டிலிருந்து பார்த்தால்
தண்ணீருக்கு அந்தப் பக்கம்
பாகான் ஆஜாமில் மஞ்சள் அடித்த அடுக்குமாடி.
எட்டாவது மாடி, மூலை வீடு, என் அண்ணனுடையது.
துணி காய்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.
தெரியவில்லை.
காப்பியைக் குடித்து முடித்தேன்.

கப்பலில் வருகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை.
சண்டை ஒன்றும் இல்லை.
சொன்னால் காரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி வருவான்,
அண்ணி வாவல் மீன் வாங்கிவிடுவாள்,
சித்தி வீடு, தண்ணிமலைக் கோயில்,
யாரோ ஒருவர் புதிதாய் மாற்றிய சமையலறை,
எல்லாம் ஐந்தரைக்குள்.
சிங்கப்பூரில் பல் கிளினிக்கில்
பதினோரு மாதம் நின்றே தேய்ந்த கால்கள்
இன்று ஒருநாள் யாருக்கும் சொந்தமில்லை.

மலைக்குப் போகிறவர்களுக்கு நீல ஸ்டிக்கர்.
ஆயர் ஈத்தாம் போகிறவர்களுக்குச் சிவப்பு.
ஸ்டிக்கர் இல்லாமல் நின்றது இரண்டே பேர்,
நானும், சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காரும் ஒர்னெல்லாவும்.
லிவோர்னோக்காரி. தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவள்.
எங்கள் ஊரிலும் கப்பல் நிற்கும் என்றாள்,
இறங்கியதும் எல்லோரும் பஸ் ஏறிப் பீசாவுக்குப் போய்விடுவார்கள்
சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் படமெடுக்க.
எங்கள் வீட்டுக்குக் கீழே நல்ல மீன்சாறு கிடைக்கும்,
ஒருத்தரும் உட்கார்ந்து குடித்ததில்லை.

அதனால் உட்காரப் போனோம்.

பாலித்தீன் பூ கட்டிய பேச்சா.
ஒரு மணி நேரம் நாற்பது வெள்ளி.
இந்தியாவா என்றார் அவர், ஆங்கிலத்தில்.
ஆமாம் என்றேன்.
முதல் தடவையா?
ஆமாம்.
எவ்வளவு லேசாக வந்தது அந்தச் சொல்.

மணிக்கூண்டைக் காட்டி
கட்டியவன் குடிகாரன், அதனால்தான் சாய்வு என்றார்.
குண்டு விழுந்து சாய்ந்தது என்று
பள்ளிக்கூடத்தில் படித்தவள்
வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டேன்.
ஒர்னெல்லா இறங்கிப்போய் நெடுநேரம் அண்ணாந்து நின்றாள்.
இவ்வளவு சாய்ந்தால் போதும், என்றாள்,
இதற்கு மேல் போனால் ஊர் கெட்டுவிடும்.

மார்க்கெட் ஸ்திரீட்டில் அவள் குதிகால் தோல் உரிந்தது.
சிலிப்பர் வாங்க நுழைந்த இடத்தில்
பதினைந்து வெள்ளி என்றாள் கடைக்காரப் பெண்.
ஏங்க, இந்த ரப்பருக்கா, கொறைச்சிச் சொல்லுலா
என்று என்னை மீறி வாய் சொல்லிவிட்டது.
அவள் சிரித்தாள். அக்கா எந்தத் தாமான்?
வாசலில் பேச்சாக்காரர் திரும்பிப் பார்த்தார்.
சிலிப்பர் ஒன்பதுக்கு வந்தது.
அவர் நாற்பது நாற்பதாகவே இருந்தது.

பிறகு படாங்.
கடலை ஒட்டிய சுவர்,
ஒரு தட்டு பாசெம்போர், இரண்டு முள்கரண்டி,
சாறு வழிந்த கையைத் துடைக்கக் காகிதம் இல்லை.
மழை வந்தது, மரத்தடிக்குப் போனோம்.
மழை நின்றது, அங்கேயே இருந்தோம்.
ஒர்னெல்லா தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்தாள்.
நான் ஃபெர்ரிகளை எண்ண ஆரம்பித்து
மூன்றாவதில் விட்டுவிட்டேன்.
இந்தச் சுவரில் இதற்கு முன்
கைக்கடிகாரம் பார்க்காமல் நான் உட்கார்ந்ததே இல்லை.
அக்கரைக்குப் போகும் கடைசிப் படகு எப்போதும் ஒன்று இருந்தது.

ஐந்து இருபதுக்கு அட்டையைத் தேய்த்து ஏறினோம்.
ஆறுக்குக் கப்பல் நகர்ந்தது, வடக்கே.
சிக்னல் இரண்டு கோடாய் இருக்கும்போது கூப்பிட்டேன்.

என்ன திடீர்னு? வேலை இல்லையா?
லீவு.
எங்க இருக்க, ஒரே காத்துச் சத்தம்?
மாடியில.
நானும் மாடியிலதான். துணி எடுக்க வந்தேன்.
ஒரு கப்பல் போகுது பாரு, வீடு மாதிரி,
லைட்டு எல்லாம் போட்டுக்கிட்டு.
அதுல போறவனுக்கெல்லாம் வேற வேலையே இல்ல போல.

கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து
மஞ்சள் கட்டடத்தைப் பார்த்து ஆட்டினேன்.

இல்லண்ணே, என்றேன்.
ஒரு வேலையும் இல்ல.